வெள்ளத்தன்று மாடு யாரோடு நின்றது?

மாட்டை இடம் மாற்றியதைப் பதியும் பாரத்தைக் கொடுக்க, வெள்ளத்துக்காகத் தவணை தந்திருக்கிறார்கள். அதை நம்பி எதையும் குறித்து வைக்காமல் என்னிடம் வந்தவர்களில், ஒரே வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். ஜொகூரில் சிகாமட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்ப்பவர். தண்ணீர் ஏறிய இரவில் பதினொரு மாடுகளை மேட்டு லயத்துக்கு ஓட்டிப் போயிருக்கிறார். அங்கே ஏற்கெனவே இரண்டு வீட்டு மாடுகள். தண்ணீர் வடிந்ததும் அவரவர் கைக்கு அகப்பட்டதை ஓட்டி வந்துவிட்டார்கள். நடுவில் இரண்டை ஒரு புரோக்கர் லோரியில் ஏற்றிக்கொண்டும் போய்விட்டார். இப்போது ஒரு பசு எச்சில் ஒழுக நொண்டுகிறது. எதோடு கட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுதான் பாரத்துக்குத் தவணை தந்திருக்காங்களே டாக்டர், அப்புறம் பார்ப்போம்."

இந்தத் 'தவணை'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஐயா, தவணை பாரத்துக்கு. கோமாரிக் கிருமிக்கு யார் தவணை கொடுத்தார்கள்? உடம்பில் புகுந்து 2 முதல் 14 நாளுக்குள்தான் அது வெளியே தெரியும். வாய்ப்புண் தெரிவதற்கு முன்பே பக்கத்து மாட்டுக்கு ஒட்டிவிடும். அதனால்தான் மாடு இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, போன இரண்டு வாரம் யாரோடு நின்றது என்று உயிரை வாங்குகிறேன். பாரத்தை அடுத்த மாதம் கொடுங்கள். ஆனால் அடுத்த மாதம் அதில் எதை எழுதுவீர்கள்?

தவணையே கூடாது என்று சொல்லவில்லை. நியூசிலாந்தில் மாடு இடம் மாறினால் 48 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் பாலத்தையும் மின்சாரத்தையும் கொண்டுபோன ஊர்களில் கணினி முன் உட்கார யாரால் முடியும்? அப்படிப்பட்ட நேரத்தில் கெடுவைத் தளர்த்தத்தான் வேண்டும். அபராதம் என்று மிரட்டினால் நம் ஆட்கள் மாட்டையே மறைத்துவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து. ஆனால் எது எங்கே போனது என்ற குறிப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2001-இல் பிரிட்டனில் கோமாரி கண்டுபிடிக்கப்படும் முன்பே செம்மறிகள் சந்தை சந்தையாகப் போய்விட்டன. அப்போது அவற்றுக்குத் தனித்தனி எண்கூடக் கிடையாது. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள்.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். நவம்பர் மழைக்கு முன்பே ஒவ்வொரு மாட்டையும் இரண்டு பக்கமும், எண் உள்ள காது வில்லை தெரிய, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மாட்டை நகர்த்திய அன்றே தேதி, எத்தனை மாடு, எங்கிருந்து எங்கே, யார் மாட்டோடு, லோரி நம்பர் எல்லாம் குறித்துவிடுங்கள். எழுத வராதென்றால் மகளுக்குப் புலனத்தில் பேசி அனுப்புங்கள், தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். திரும்பி வந்த மாட்டை இரண்டு வாரம் தனியாகக் கட்டுங்கள். அதுவரை விற்காதீர்கள், புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். கெமாஸ் பக்கம் போனாலே நெகிரி செம்பிலான், வேறு மாநிலம், பெர்மிட் வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? காது கிழிந்து வந்தால் அதே புண்ணில் புது வில்லை குத்தாதீர்கள். ஈ மொய்த்துப் புழு வைக்கும், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

ஈ என்றதும் இன்னொன்று. 2021-இல் நம் மலேசியாவுக்கு வந்த தோல் கழலை நோயும் கடிக்கிற பூச்சிகளால்தான் பரவுகிறது. கொட்டகையைச் சுற்றித் தேங்கிய தண்ணீரை முதலில் வெட்டி விடுங்கள்.

அந்தப் பதினொன்றில் ஒன்பது எங்கே என்று தெரிந்துவிட்டது. லோரியில் போன இரண்டையும் யாராவது பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நான் அபராதம் போட மாட்டேன், எனக்கு அந்த அதிகாரமும் இல்லை.