தாண்டிக்குடிக் காபிக்குள் ஓர் ஆப்பிரிக்கக் காட்டு மரம்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.795 ரகம் நன்றாகத் தெரியும். சில்வர் ஓக், கல்யாண முருங்கை நிழலில் மிளகு, ஆரஞ்சு, மலைவாழையோடு சேர்ந்து வளரும் அராபிகா இனக் காபி அது. ஆனால் முழு அராபிகா இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் லைபீரிகா என்ற வேறொரு காபி இன மரமும் அதற்கு மூதாதை.

லைபீரிகாவைப் பார்த்தவுடன் காபி என்றே தோன்றாது. கவாத்து செய்யாமல் விட்டால் 15 மீட்டருக்கு மேல் வளரும். இலை தடித்து, ஓர் அடி நீளம்கூட வரும். அராபிகாப் பூவுக்கு வழக்கமாக ஐந்து இதழ். இதற்கு ஆறு, ஏழு, அதற்கு மேலும் உண்டு. பழம் பெரிசுதான், ஆனால் தோலும் சதையும் அதிகம், கொட்டை குறைவு. தோல் நீக்குவதும் சிரமம். அதனால் நம் ஊரில் இது பெரிய பயிராகவில்லை.

சரி, பிறகு எதற்கு இந்த மரம்? விடை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

இலைத்துரு நோய் விழுந்த காபி இலையைத் திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டும். அத்தனையும் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையின் வித்துகள். இலையில் ஈரம் நின்றால் வித்து முளைத்து, அடிப்பக்கத்து இலைத்துளை வழியே உள்ளே நுழைந்து, செல்களுக்குள் உறிஞ்சிகளை நீட்டிச் சாப்பிடத் தொடங்கும். இலை உதிர்ந்துவிடும். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இந்த நோய்தான் அங்கே காபியை ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது.

லைபீரிகாவிடம் எஸ்.எச்.3 என்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறது. பூஞ்சை நுழைந்ததை அடையாளம் கண்டதும், தாக்கப்பட்ட செல்கள் தாமே செத்துப்போகும். துருப் பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் உணவு. அதனால் அந்தச் செல்கள் செத்ததும் பூஞ்சை பட்டினி கிடக்கும்.

இந்த மரபணு அராபிகாவுக்கு வந்தது லேசான காரியம் இல்லை. அராபிகாவுக்கு 44 குரோமோசோம்கள், லைபீரிகாவுக்கு 22. இரண்டும் கலந்தால், ஒவ்வொன்றும் பாதியைத் தருவதால், பொதுவாக 33 வரும். ஒழுங்காக ஜோடி சேர முடியாத அந்தக் கலப்பினம் பெரும்பாலும் மலடு. இருந்தும் தென்னிந்தியத் தோட்டம் ஒன்றில் இயற்கையாகவே உருவான ஒரு கலப்பினம் விதை தந்தது. அதன் வழி வந்த எஸ்.288-ஐ, கர்நாடகப் பகுதியில் 1911-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கென்ட் ரகத்தோடு சேர்த்து, 1940-களில் அங்குள்ள பாலெஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதுதான் எஸ்.795. தென்னிந்தியக் காபியின் வரலாற்றில் இதைவிட அழகான வேலை நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் விதை. லைபீரிகா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அயல் மரத்து மகரந்தம் வேண்டும். அதனால் விதை போட்டால் தாயைப் போலவே வரும் என்று நம்ப முடியாது. அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். எஸ்.795 விதையைத் தொடர்ந்து நாற்றுவிட முடிவது அதனால்தான். மேல்தோல் நீக்கி, உள்ளோட்டோடு நிழலில் உலர்த்திய விதையைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி பாத்தியில் பதிப்பார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில், விதையின் உள்ளோடு தலையில் குல்லா போல ஒட்டியிருக்க, முளை மண்ணைவிட்டு நிமிரும்.

எஸ்.795-இன் எதிர்ப்புச் சக்தி இப்போது முன்போல இல்லை. பூஞ்சையும் புதுப்புது இனங்களாக மாறி அதைத் தாண்டிவிட்டது. எனவே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டியிருக்கிறது. அடர்ந்த நிழலைக் கழித்துக் காற்றோட்டமும் தர வேண்டும். ஆராய்ச்சியாளர்களோ எஸ்.எச்.3-ஐ டி.என்.ஏ. அடையாளங்களால் கண்டறிந்து, ரொபஸ்டா என்ற இன்னொரு காபி இனத்தின் வழி வந்த எதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே செடியில் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் மூலதனம் காட்டு இனங்கள்தாம். தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையிலேயே காஃபியா டிராவன்கோரென்சிஸ் போன்றவை உண்டு. உலகின் 124 காட்டுக் காபி இனங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அவற்றில் 60 சதவீதம் அழியும் அபாயத்தில் இருக்கின்றன. நெல்லைப் போலக் காபி விதையை நன்றாகக் காயவைத்துக் குளிரில் பல ஆண்டுகள் வைத்திருக்க முடியாது. முளைப்புத் திறன் போய்விடும். காட்டிலோ ஆராய்ச்சித் தோட்டத்திலோ, பெரும்பாலும் உயிருள்ள மரமாகத்தான் இவற்றைக் காப்பாற்றியாக வேண்டும்.