ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து வந்தால்

பெங்களூரு அல்சூரில் எங்கள் லேபுக்கு வரும் பாட்டி ஒருவர், போன மாதம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு எண்கள் எல்லைக்கு வெளியே என்று தடித்த எழுத்தில் இருந்தன. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.55, எல்லை 0.6 முதல் 1.1. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 4.18 லட்சம், மேல் எல்லை 4.10.

"கிட்னி போயிடுச்சா டாக்டரம்மா?" இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இந்தப் பயத்தை நான் தினமும் பார்க்கிறேன். அந்த எல்லை எப்படி வந்தது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரிடம் ரத்தம் எடுத்து அளப்பதுதான் வழக்கமான முறை. ஆண்களின் ஹீமோகுளோபின் சராசரி 15 என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் 15 இருக்காது. ஒருவருக்கு 14.2, இன்னொருவருக்கு 15.9. சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று காட்டுவதுதான் திட்டவிலக்கம். அது 1 என்றால், இரு பக்கமும் இரண்டிரண்டு திட்டவிலக்கம் விட்டு 13 முதல் 17 வரை எல்லை. அளவுகள் மணி வடிவில் பரவியிருந்தால் சுமார் 95 சதவீதம் பேர் இதற்குள் அடங்குவார்கள். தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். போல ஒரு பக்கம் வால் நீண்டால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே அளவுகளை வரிசையாக அடுக்கி, இரு முனையிலும் 2.5 சதவீதத்தை வெட்டுவோம்.

வெளியே நிற்கும் அந்த 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான்! இப்போது 20 சோதனை செய்தால் என்ன ஆகும்? 0.95-ஐ 20 முறை பெருக்கினால் 0.36. அதாவது, நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. சில சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும்.

பாட்டிக்கு மெலிந்த உடம்பு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, அதனால் குறைவு. கிட்னி கெட்டால் அது ஏறும், இறங்காது. தட்டணு மூன்று வாரம் கழித்து 3.74 லட்சம். ஒருமுறை தற்செயலாக உச்சத்தில் சிக்கிய எண், மறுமுறை சராசரிப் பக்கம் திரும்புவது சகஜம்.

இதைப் படித்துவிட்டுச் சர்க்கரையை அலட்சியம் செய்துவிடாதீர்கள். சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு 6.5 என்பது கூட்டத்தோடு ஒப்பிட்டு வந்த எல்லை அல்ல, நோயைத் தீர்மானிக்கும் எல்லை.

எல்லைக்குள் இருப்பதும் எப்போதும் நிம்மதி தராது. மர்பி டவுன் ஆட்டோக்காரர் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 13.3, தடித்த எழுத்து எதுவும் இல்லை. ஆனால் முந்தைய இரண்டு வருடமும் 15.8, 15.6. மருத்துவரிடம் அனுப்பினேன். வயிற்றுப் புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவின் ஆர்.சி.யோடு பழைய ரிப்போர்ட்டுகளையும் அவர் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அதனால்தான் எனக்குத் தெரிந்தது.