தெளிந்த தண்ணீரில் பட்டினி

இரவு பத்து மணிக்கு மேல் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கடல்நீர்த் தொட்டியின் மணலைப் பார்ப்பது என் வழக்கம். முதலில் வெறும் மணல்தான் தெரியும். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் கண்ணில் படும். ஒன்று சற்றுப் பெரியது. அதன் வாயைச் சுற்றி கண்ணிமை முடி போலக் குட்டிக் குட்டி விரல்கள். இன்னொன்று சிறியது, விளிம்பு மழமழவென்று இருக்கும். பெரியது வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, சிறியது வழியாக வெளியே வருகிறது. மணலுக்கு அடியில் ஒரு மட்டி உயிரோடு இருப்பதற்கு எனக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் இதுதான்.

இந்த மட்டிகள் கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவை. அங்கே வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலும் காலாலும் துழாவி மட்டி எடுப்பார்கள். அதே ஊரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. முதல் தடவை பன்னிரண்டு மட்டிகளை ஈரத்துணியில் சுற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, இருநூறு லிட்டர் தொட்டியில் விட்டேன். அப்போது அந்தத் தொட்டியின் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சொல்லாமல் போனதில்லை. மூன்றாவது மாதம் முதல் மட்டி செத்தது. ஐந்தாவது மாதத்துக்குள் ஒன்பது போய்விட்டன.

வெப்பம், உப்பு, அம்மோனியா எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நோய் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாவது மட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்ல மட்டியின் சதை பாலாடை நிறத்தில், ஓடு நிறைய, கொழுகொழுவென்று இருக்கும். இதன் சதை தண்ணீர் கோத்து, அடியில் இருக்கும் ஓடு தெரியும் அளவுக்குக் கண்ணாடித்தாள் போல மெலிந்திருந்தது. அது பட்டினியால் செத்திருக்கிறது. மீன் இளைத்தால் வயிறு ஒட்டுவது தெரியும். மட்டியின் ஓடு இளைப்பதில்லை. உள்ளே இருக்கிற உயிர் பாதியாகக் குறைந்தாலும் வெளியே அதே மட்டிதான்.

எப்படிப் பட்டினி கிடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். மட்டிக்குச் செவுள் என்பது மூச்சு விடுவதற்கு மட்டும் இல்லை. அதுதான் அதன் வலை, அதுதான் அதன் பம்பு. செவுளின் மேல் குற்றிழைகள் எனப்படும் நுண்ணிய மயிரிழைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒரு வகை இழைகள் ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டு, மணிக்கு ஓரிரு லிட்டர் வரை தண்ணீரைச் செவுளின் இடுக்குகள் வழியாகத் தள்ளும். இன்னொரு வகை, அந்த நீரில் வரும் துகள்களைத் தட்டித் தடுக்கும். மூன்றாவது வகை, தடுத்ததைச் சளியில் ஒட்டிச் செவுளின் ஓரத்துக்கு நகர்த்தும். அங்கிருந்து ஒரு சளிச்சரடாக வாய்ப்பக்கம் போகிறது. வாயின் இரு பக்கமும் இதழ் போன்ற மடிப்புகள் முறத்தில் புடைப்பது போல வேலை செய்கின்றன: பாசி உள்ளே, மண்ணும் வேண்டாததும் வெளியே. ஒதுக்கியதைச் சேர்த்து வைத்து, இரண்டு ஓடுகளையும் சட்டென்று ஒரு முறை மூடி, உறிஞ்சிய வழியாகவே துப்பிவிடும். மணலில் திடீரென்று ஒரு சின்னப் புகை எழுந்தால் அதுதான்.

வயிற்றுக்குள் இருப்பது இன்னும் அருமை. அங்கே கண்ணாடி போன்ற ஒரு கூழ்க்கம்பி, தயிர் கடையும் மத்து மாதிரி சுழன்றுகொண்டே இருக்கிறது. சுழலும்போது தன் மேல் சளிச்சரடைச் சுற்றி இழுத்துக்கொள்கிறது. நுனி கரையக் கரைய அதிலிருந்து செரிமான நொதிகள் வெளிவருகின்றன. இருவோட்டு உயிரிகள் பலவற்றில், சாப்பாடு கிடைக்காமல் போனால் இந்த மத்தே சுருங்கிக் கரைந்துவிடும்.

இப்போது என் தொட்டியை நினைத்துப் பாருங்கள். புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற, நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி, நுரையோடு நுண்பாசியை வெளியே தள்ளுகிறது. வடிகட்டிப் பை மிச்சத்தைப் பிடிக்கிறது. தண்ணீர் தெளிந்துகொண்டே போகிறது. மட்டி இருபத்து நான்கு மணி நேரமும் துடுப்புப் போடுகிறது, ஆனால் வலையில் ஒன்றும் விழவில்லை. சதையில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சேமிப்பு இருப்பதால் உடனே சாகாது. சேமித்ததைத் தின்று மாதக்கணக்கில் தாங்கும். பிறகு திறப்பதையே குறைத்துக்கொள்ளும். இரண்டு ஓடுகளையும் இறுக மூடியிருக்கும்போது உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோய், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கத் தொடங்கும். அதில் அமிலம் சேரும். அந்த அமிலத்தை முறிக்க மட்டி தன் ஓட்டின் உட்புறச் சுண்ணாம்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. சில மணி நேரத்துக்கு அது நல்ல தந்திரம். ஆற்றில் நீர் வற்றும்போதெல்லாம் செய்வதுதான். நாள் முழுக்க அப்படி இருந்தால் குடியிருக்கும் வீட்டின் சுவரைச் சுரண்டுவதாகிவிடும்.

அதனால் இப்போது ஜன்னலோரத்தில் பாசி வளர்க்கிறேன். இரண்டு லிட்டர் பாட்டில், கடல்நீர், கொஞ்சம் உரம், ஒரு காற்றுக்குழாய், விளக்கு. ஐசோகிரைசிஸ், டெட்ராசெல்மிஸ் என்ற இரண்டு நுண்பாசி வகைகளும் மட்டிக்கு நன்றாக ஏற்கின்றன. முறையே சுமார் ஐந்து மைக்ரான், பத்து மைக்ரான் அளவுள்ளவை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நானோகுளோராப்சிஸ் இரண்டு மூன்று மைக்ரான்தான், செல்சுவரும் கெட்டி. பெரும்பகுதி வலையில் தப்பிவிடும். மாலையில் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, தண்ணீரில் லேசான பச்சை படரும் அளவுக்கு ஊற்றுவேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தப் பச்சை மறைந்துவிட்டால் மட்டிகள் சாப்பிட்டன என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பரிசோதனைக் கருவி வேறில்லை. இப்போது ஐந்து மட்டிதான் வைத்திருக்கிறேன். இருநூறு லிட்டருக்கு அதுவே போதும்.

இந்த விஷயத்தை இன்னொரு பக்கத்திலிருந்து புரியவைத்தது பிரான்சில் இருக்கும் என் அத்தை மகன். அவனுடைய பவளத்தொட்டியில் இருப்பது ராட்சத மட்டி வகையைச் சேர்ந்த மேக்சிமா; உரிய அனுமதிச் சீட்டோடு வாங்கியது. பிரெஞ்சில் இந்த மட்டிக்கு பெனிட்டியே என்று பெயர். கோயில் வாசலில் தீர்த்தம் வைக்கும் கிண்ணத்துக்கும் அதே சொல்தான். பாரிஸில் செயின்ட் சுல்பீஸ் தேவாலயத்தில் இன்றும் ராட்சத மட்டி ஓடுகளில்தான் தீர்த்தம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் பெரியண்ணன் கிகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், இருநூறு கிலோவைத் தாண்டும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழும் மேக்சிமா, ஸ்குவாமோசா இனங்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள், கல்பவளங்களையும் அப்படித்தான். நம் ஊரில் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஒரு நாள் வீடியோவில் காட்டினான். "மச்சான், கலர் போய்க்கிட்டே இருக்குடா. தண்ணியில ஒரு குறையும் இல்ல. நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம்."

"பூஜ்ஜியம்னா அது என்னத்தடா சாப்பிடும்?" என்றேன். அந்தக் கேள்வி சரிதான் என்று பிறகு தெரிந்தது.

மேக்சிமாவும் நீரை வடிகட்டித் தின்னும், குட்டியாக இருக்கும்போது அது மிகவும் தேவை. ஆனால் அதன் உண்மையான அடுப்பு வெயில். ஓட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற தசைமடிப்பை வெளியே விரித்து, விளக்கின் கீழ் பாய் போட்டது போலப் பரப்பி வைக்கும். அதற்குள் கோடிக்கணக்கான ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தில் இந்தப் பாசிகள் செல்லுக்குள்ளேயே இருக்கும். மட்டியில் அப்படி இல்லை. வயிற்றிலிருந்து கிளைவிட்டு மேன்டில் வரை ஓடும் மெல்லிய குழாய்களுக்குள் இருக்கின்றன. பிறக்கும்போது மட்டிக்குஞ்சிடம் ஒரு பாசிகூட இருக்காது. தண்ணீரிலிருந்து விழுங்கி, செரிக்காமல் குடிவைத்துக்கொள்கிறது. பாசி வெயிலில் சமைத்த சர்க்கரையில் பெரும்பங்கு மட்டிக்குப் போகிறது.

அந்த நீலமும் பச்சையும் அழகுக்காக வந்தவை அல்ல. மேன்டிலின் மேற்பரப்பில் மெல்லிய தட்டுகளை அடுக்கி வைத்தது போன்ற செல்கள் உள்ளன. பாசிக்குப் பயன்படாத ஒளியை அவை திருப்பி அனுப்புகின்றன. நம் கண்ணில் படும் மினுமினுப்பு அதுதான். பயன்படும் ஒளியை ஆழத்தை நோக்கிச் சிதறடித்து இறக்குகின்றன. பாசிகள் தூண் தூணாக நிற்பதால், மேலே இருப்பது வெயிலில் கருகாமல், அடியில் இருப்பதும் இருட்டில் கிடக்காமல், எல்லாவற்றுக்கும் பங்கு கிடைக்கிறது. ஆய்வாளர் அலிசன் ஸ்வீனியும் கூட்டாளிகளும் 2014-இல் இதை விளக்கி எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அவன் மட்டி ஏன் வெளுத்தது? பாசி ஒரு தாவரம் மாதிரி. வெளிச்சம் மட்டும் போதாது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும். மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் மட்டி நீரிலிருந்து நேராக எடுத்துப் பாசிக்குக் கொடுக்கிறது. அவன் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டான். உரமில்லாத வயல் வெளிறுவது போலப் பாசி குறைந்தது, நிறம் போனது. மீனுக்குத் தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் அளவில் நிறுத்திய பிறகு, இரண்டு மாதத்தில் பழுப்பும் நீலமும் திரும்பி வந்தன. என் மட்டியும் அவன் மட்டியும் ஒரே காரணத்தால்தான் வாடியிருக்கின்றன.

இரண்டுக்கும் பொதுவான இன்னொரு தேவை சுண்ணாம்பு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காரத்தன்மை, அதை அளக்கும் டிகேஎச் என்ற அலகில், ஏறக்குறைய 7. மூடிய தொட்டியில் மட்டி ஓடு கட்டக் கட்ட இரண்டும் குறையும். நம் ஊரில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுத் தண்ணீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கும் என்பது பாட்டிகளுக்கும் தெரியும். அரியாங்குப்பம் பக்கத்து ஆற்றின் பெயரே சுண்ணாம்பாறு. பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்வது இதன் மறுபாதி: நீற்றுச் சுண்ணாம்பின் தெளிவை, ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக, இரவில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அது கரியமில வாயுவைப் பிடித்துக் கால்சியத்தையும் காரத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. ஓடு சூளையில் சுண்ணாம்பானது போல, சுண்ணாம்பு தொட்டியில் ஓடாகிறது. ஒரு எச்சரிக்கை: அந்தத் தெளிவின் பிஎச் 12-க்கு மேல். ஒரே மூச்சில் ஊற்றினால் எல்லாம் செத்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட வேண்டாம், அதில் வேறு என்னவெல்லாம் கலந்திருக்கிறதோ.

செம்பு எந்த மட்டிக்கும் விஷம். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. ஒரு தடவை ஊற்றினால் கல்லிலும் மணலிலும் தங்கிப் பிறகு கசியும். மீனுக்கு வைத்தியம் தனித்தொட்டியில்தான். கடல்நீரைச் செம்புக் குடத்தில் எடுக்கவும் வேண்டாம். கல்லில் வேர்போல இழைவிட்டு ஒட்டியிருக்கும் மேக்சிமாவைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழை சுரக்கும் உறுப்பு கிழிந்தால் பிழைக்காது. பிளேடால் இழையை அறுக்க வேண்டும். அப்புறம், அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை நத்தைகள் இரவில் ஓட்டோரமாக ஏறிச் சதையில் குழல் நீட்டி உறிஞ்சும். டார்ச் அடித்துப் பார்த்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுப்பதுதான் வழி.

அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டுத் தொட்டி முப்பத்திரண்டு டிகிரி வரை போகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, மட்டியின் பசியோ அதிகம். விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது, ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுகிறேன். கழிமுகத்து மட்டி உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். மழைக்காலத்து வெள்ளத்தில் பழகியதுதானே. ஆனாலும் திடீர் மாற்றம் என்றால் வாயை மூடிக்கொள்ளும், மூடிய வாய் சாப்பிடாது.

அத்தை மகன் போன வாரம் அனுப்பிய படத்தில், மேக்சிமாவின் ஓட்டு விளிம்பில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சுண்ணாம்பு அடித்தது போலப் பளிச்சென்று, நகத்தின் பிறை அளவுக்கு. என் மட்டிகளில் ஒன்றின் ஓட்டில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். ஜூனில் அதன் நீளம் 31 மில்லிமீட்டர். நேற்று மணலைக் கிளறி எடுத்து அளந்தேன்: 34. திரும்ப வைத்ததும் காலை நீட்டி, ஐந்து நிமிடத்தில் மணலுக்குள் இறங்கிவிட்டது. இரவு பத்து மணிக்கு இரண்டு ஓட்டைகளும் திறந்திருந்தன.