பிளாண்டேஷன் வீட்டுச் சுவரில் சிமென்ட் வைக்கும் முன்

தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் வட்டாரத்தில் பழைய செங்கல் சுவர் மீது டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சில கற்களில் விரல் பதிந்த குழி தெரியும். சுடாத பச்சைக் கல்லைக் காயவைக்கும்போது புரட்டிப் போட்ட கைகளின் தடம் அது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கைகள். சில குழிகள் சிறுவர் விரல் என்று சொல்லத்தக்க அளவுக்குச் சின்னவை. மணலைப் பீய்ச்சிச் சுவரைச் 'சுத்தம்' செய்யும் இயந்திரத்துக்கு இவற்றை அழிக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் செங்கல்லின் சுட்ட மேல்தோலும் சேர்ந்து போய்விடும். உள்ளிருக்கும் மென்மையான பகுதி அதன்பிறகு மழையைக் குடிக்கத் தொடங்கும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிளாண்டேஷன் (அடிமை உழைப்பில் நடந்த பெருந்தோட்ட) வீடுகளில் நடக்கும் பெரும்பாலான பிழைகள் இந்த வகைதான். கட்டடத்தைக் கெடுக்கும் வேலையும் சாட்சியத்தை அழிக்கும் வேலையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நெல், அவுரி, பருத்தி, கரும்பு முதலாளிகளின் மாளிகை என்று பெயர் இருந்தாலும், கல் அறுத்தவர், மரம் இழைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர் யாரும் முதலாளி இல்லை. அவர்கள் பெயர் ஏட்டில் அரிதாகவே இருக்கிறது, சுவரில் இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி: வீட்டை எந்த ஆண்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள்? அமெரிக்க உள்துறையின் தரவிதிகள் நான்கு வழிகளைப் பிரித்துச் சொல்கின்றன: இருப்பதை அப்படியே காப்பது, புதுப் பயன்பாட்டுக்கு ஏற்பச் சீரமைப்பது, குறிப்பிட்ட ஒரு காலத் தோற்றத்துக்கு மீட்பது, அழிந்ததை மறுபடி கட்டுவது. பேச்சில் எல்லாவற்றையும் 'ரெஸ்டோரேஷன்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள டிரேட்டன் ஹால் 18ஆம் நூற்றாண்டு வீடு. 1974-இல் வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை அதை வாங்கியபோது முதல் வழியைத் தேர்ந்தது. வீட்டுக்குள் மின்சாரம், குழாய்த் தண்ணீர், ஏசி எதுவும் வைக்கவில்லை. வர்ஜினியாவில் முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மேடிசனின் வீடான மான்ட்பிலியர் 2003 முதல் 2008 வரை மூன்றாம் வழியில் போனது. பிற்காலத்தில் டூபான்ட் குடும்பம் சேர்த்த பகுதிகளை இடித்து, மேடிசன் காலத்து அளவுக்கு வீட்டைச் சுருக்கினார்கள். இரண்டும் நேர்மையான முடிவுகளே. ஆனால் மூன்றாம் வழியில் ஒரு காலத்தை மீட்க இன்னொரு காலத்தை இடிக்க வேண்டியிருக்கிறது. இடிபடும் பகுதியில் யார் வாழ்ந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ வீடே எடுத்துக்காட்டு. அந்த வீட்டின் தெற்குப் பகுதியில், ஜெஃபர்சன் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை இருந்த இடத்தில் 1941-இல் பார்வையாளர் கழிப்பறை கட்டினார்கள். 2017-இல் அந்தக் கழிப்பறையை அகற்றித் தோண்டியபோதுதான் செங்கல் அடுப்பும் பழைய தரையும் வெளிவந்தன.

இனி காரை. இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகச் சேதம் இங்கேதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861–65) முந்தைய இந்தச் சுவர்கள் ஏறத்தாழ எல்லாமே சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. கரையோரத்தில் அந்தச் சுண்ணாம்பு ஆளிச்சிப்பியைச் சுட்டு எடுத்தது. நம்மூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாருக்கு இதை விளக்கவே வேண்டாம். சுவருக்குள் ஏறும் ஈரம் மென்மையான காரை வழியாக வெளியேறும். காரை மெல்ல உதிரும், ஐம்பது நூறு வருடத்துக்கு ஒருமுறை பாயிண்டிங் (கல் இடுக்கில் புதுக் காரை அடைப்பது) செய்துகொள்ளலாம். உதிர வேண்டியது காரைதான், கல் அல்ல. அந்த இடுக்கில் போர்ட்லேண்ட் சிமென்டை அடைத்தால் கணக்கு தலைகீழாகும். ஈரம் சிமென்டைத் தாண்ட முடியாமல் செங்கல் முகம் வழியாக வெளியேறும். அதோடு வரும் உப்பு முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, கல்லை ஏடு ஏடாக உரிக்கும். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் சிமென்ட் கோடுகள் தேன்கூடு போலத் துருத்தி நிற்கும், நடுவில் கல் குழிந்திருக்கும். அந்தச் சிமென்டைப் பெயர்த்தெடுக்கும்போது விளிம்பும் சேர்ந்தே உடையும்.

முறை இது. பழைய காரையில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். நீர்த்த அமிலத்தில் கரைத்து மணலைப் பிரிக்கும் சாதாரணச் சோதனையைக் கரையோர வீடுகளில் மட்டும் நம்பாதீர்கள். அமிலம் சுண்ணாம்போடு காரையில் கலந்த சிப்பித் துண்டுகளையும் கரைத்துவிடும், சுண்ணாம்பு அளவு உண்மைக்கு மேல் காட்டும். மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வு வேண்டும். இடுக்கை அதன் அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சுரண்டுங்கள். 10 மில்லிமீட்டர் இடுக்கென்றால் 20 முதல் 25 மில்லிமீட்டர். உளியும் சுத்தியும் போதும். கிரைண்டர் வைத்தால் இடுக்கு அகலும், நிலைக்குத்து இடுக்குகளில் மேல்கல்லும் கீழ்க்கல்லும் வெட்டுப்படும். தூசியைக் கழுவிக் கல்லை நனையுங்கள், ஆனால் மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். மணலின் நிறமும் பருமனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே மூச்சில் அடைக்காமல் 6 மில்லிமீட்டர் தடிமனாக அடுக்கடுக்காக அழுத்துங்கள். பிறகு ஈரச் சாக்கு போர்த்திச் சில நாள் காப்பது அவசியம். லூயிசியானா வெயிலில் ஒரே பிற்பகலில் காய்ந்த சுண்ணாம்பு இறுகுவதில்லை, பொடியாகத்தான் போகும். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாட்களில் வேலையே வேண்டாம். முழுச் சுவருக்கு முன் கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர மீட்டர் செய்து, காய்ந்த பின் நிறம் பாருங்கள்.

செங்கல் இல்லாத சுவர்களும் உண்டு. ஃப்ளோரிடாவின் கிங்ஸ்லி தோட்டத்தில் அடிமைக் குடில்கள் 'டாபி' என்னும் கலவையால் ஆனவை: சிப்பிச் சுண்ணாம்பு, மணல், முழுச் சிப்பி, தண்ணீர் சேர்த்துப் பலகை அச்சில் இடித்து வார்த்தது. முப்பத்திரண்டில் 25-இன் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. லூயிசியானாவின் கிரியோல் (பிரெஞ்சுக் குடியேற்ற மரபு) வீடுகளில் மரச் சட்டங்களுக்கு நடுவே களிமண்ணும், மரங்களில் தொங்கும் ஸ்பானியப் பாசியும் பிசைந்து அடைத்த 'பூசியாஜ்' இருக்கும். இரண்டுக்கும் சிமென்ட் பூச்சு எமன். விரிசலை மூடினாற்போல் தெரியும், உள்ளே தேங்கிய ஈரத்தில் சுவர் கரைந்துகொண்டிருக்கும்.

ஈரத்துக்கு இன்னொரு காரணம் ஏசி, அது யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த வீடுகள் பல செங்கல் தூண்களின் மேல் தரையிலிருந்து உயர்ந்து நிற்பவை, அடியில் காற்று ஓடும். உள்ளே ஏசி ஓடினால் தரைப்பலகை குளிர்ந்திருக்கும், அடியில் இருப்பது கோடைகாலத்து ஈரக் காற்று. குளிர்ந்த பலகையின் அடிப்பக்கத்தில் நீர் கோக்கும். பலகை குழிந்து வளையும், பூஞ்சை வரும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் மக்கத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டு, ஊசிமுனை ஈரமானியால் மாதம் ஒருமுறை உத்தரங்களைச் சோதியுங்கள். வெப்பநிலையைக் குறைப்பதைவிட ஈரப்பதத்தைக் குறைக்கும் அமைப்பு இந்த வீடுகளுக்கு நல்லது. இவ்வளவுக்கும் முன்னால் கூரையையும் அதன் ஓர மழைநீர் வடிகாலையும் சரிசெய்யுங்கள். கூரை ஒழுகும் வீட்டில் சுவர் வேலை செய்வது காசைக் கரைப்பது.

மரத்தைப் பற்றி இரண்டே விஷயம். பழைய சைப்ரஸும் நீள ஊசியிலைப் பைனும் வைரம் பாய்ந்தவை, இன்று கடையில் கிடைக்கும் பலகை அதற்கு ஈடாகாது. ஜன்னல் சட்டத்தின் அடி மக்கியிருந்தால் மக்கியதை மட்டும் வெட்டி அதே இன மரத்துண்டை ஒட்டுங்கள், சட்டத்தையே தூக்கிப்போடாதீர்கள். இரண்டாவது, இரண்டாம் உலகப் போருக்குப்பின் ராணுவக் கப்பல்களில் வந்திறங்கிய ஃபார்மோசா கரையான். ஒரே கூட்டத்தில் பல லட்சம் இருக்கும். மண்ணைத் தொடாமலேயே, கூரைக்கடியில் ஒழுகும் ஈரத்தை நம்பிக் குடியேறும். எனவே தரையடியோடு பரணையும் பாருங்கள். வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்றே கொண்டு, உலர்ந்த உப்புத்தாள் தேய்ப்பைத் தவிருங்கள்.

மாளிகையை விட்டு இறங்கி நடந்தால் குடில்கள் வரும், பெரும்பாலும் அவை இருந்த இடம் மட்டும் வரும். லூயிசியானாவின் எவர்கிரீன் தோட்டத்தில் 22 குடில்கள் பழைய இரட்டை வரிசையிலேயே நிற்பது அபூர்வம். 2014-இல் திறந்த விட்னி தோட்டம் மாளிகையைப் பின்னுக்குத் தள்ளி அடிமைப்படுத்தப்பட்டோரின் வாழ்வை முன்னே வைத்தது. மற்ற இடங்களில் பணம் தூண்களுக்கும் தோட்டத்துக்கும் போய், குடிலுக்குத் தார்ப்பாய் கிடைத்தால் அதிகம். என் கணக்கில் அவசர நிதி முதலில் குடிலுக்குத்தான். மெல்லிய சட்டம், ஆழமில்லாத அடித்தளம், அடுத்த புயலில் போய்விடும். பழுதுபார்க்கும்போது தரையில் கான்கிரீட் ஊற்றாதீர்கள். வர்ஜினியாக் குடில்களின் பலகைக்கடியில் உணவும் உடைமையும் வைத்த குழிகள் கிடைத்திருக்கின்றன. மணிகள், பொத்தான்கள், எலும்புகள் அவற்றில் இருக்கும். வடிகால், மின்கம்பி, சாய்தளம் எதற்காகத் தோண்டினாலும், 30 சென்டிமீட்டர்தான் என்றாலும், தொல்லியலாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆணியையும் வீசாதீர்கள். கொல்லன் கையால் அடித்ததா, 1790களுக்குப்பின் வந்த வெட்டாணியா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய கம்பி ஆணியா என்பதை வைத்தே எந்தப் பலகை எந்தக் காலம் என்று சொல்கிறோம்.

வயல் நடுவே யாரும் வெட்டாமல் விட்ட மரக்கூட்டம், அதனடியில் வின்கா கொடி, யக்கா செடி, செதுக்காத கற்கள், கிழக்கு மேற்காக வரிசையாய் லேசான பள்ளங்கள் இருந்தால் அது அடிமைப்படுத்தப்பட்டோரின் இடுகாடாக இருக்கலாம். வாகன நிறுத்தம் போடுவதற்கு முன் தரையூடுருவும் ரேடார் ஆய்வு செய்யுங்கள்.

தீ பற்றியும் பேசியாக வேண்டும். 1859-இல் கட்டி முடித்த லூயிசியானாவின் நாட்டோவே மாளிகை 2025 மே 15 அன்று எரிந்தது. பலர் மகிழ்ந்தார்கள், பலர் அழுதார்கள். அந்த மகிழ்ச்சியின் காரணம் புரியாதது அல்ல. அதன் முதலாளி ஜான் ஹாம்ப்டன் ராண்டால்ஃப் 155 பேரை அடிமைகளாக வைத்திருந்தவர். ஆனால் எரிந்தது அவர்களின் உழைப்பும்தான். சீரமைப்பு நடக்கும் காலமே ஆபத்து அதிகமான காலம். தீப்பொறி பறக்கும் வேலைக்கு எழுத்து அனுமதி, முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரக் காவல், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைத் தண்ணீர் நிரப்பி மூடிய உலோக டப்பாவில் போடுவது ஆகியவை கட்டாயம். அந்தத் துணி குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். வீட்டையும் குடில்களையும் லேசர் ஸ்கேன் செய்து, பிரதியை வேறு ஊரில் வையுங்கள்.

பெயர்ப்பலகை எழுதுவதும் சீரமைப்பு வேலைதான். 'வேலைக்காரர் குடியிருப்பு' என்று எழுதினால் அது பொய். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் உடைமையாளருடையது. முதலாளி இறந்தபின் எடுத்த சொத்துப்பட்டியலில் முதல் பெயரும் பக்கத்தில் விலையும் கிடைக்கும். லூயிசியானாவில் கத்தோலிக்கத் திருமுழுக்கு ஏடுகள் உதவும். அடிமைமுறை ஒழிந்த 1865-க்குப்பின், விடுதலையானவர்களுக்காக அரசு அமைத்த விடுதலை பெற்றோர் அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்களைப் பாருங்கள். அங்கிருந்து, முன்பு அடிமைகளாக இருந்தோரைப் பெயரோடு பதிந்த 1870 கணக்கெடுப்பில் அதே கவுண்டியில் (மாவட்டத்தில்) அதே முதல் பெயர்களைத் தேடி, குடும்பங்களை இன்றுவரை இறக்கிக் கொண்டுவரலாம். அவர்களில் பலர் இன்னும் பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்கே வருகிறார்கள். சாரம் கட்டும் முன் அந்தத் தேவாலயத்துக்குப் போய், வரைபடத்தை மேசை மேல் விரித்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.