அம்மா திட்டிய மொழியும் ஆஸ்பத்திரி மொழியும்

போர் தந்த மனக்காயத்துக்கு எந்த மொழியில் சிகிச்சை தருவது? ஒரு பரிசோதனையிலிருந்து தொடங்கலாம். விரல்களில் இரண்டு மின்முனைகளை ஒட்டிவிட்டு ஒருவருக்குச் சொற்களைக் கேட்கத் தருகிறார்கள். மனம் சலனப்பட்டால் விரலில் நுண்ணிய வியர்வை ஊறும், தோலின் மின்கடத்துதிறன் கூடும். 12 வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்ற துருக்கியரிடம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். சின்ன வயதில் வாங்கிய வசவுகள், நம் ‘வெக்கமா இல்ல உனக்கு?’ மாதிரியானவை, துருக்கி மொழியில் கேட்டபோது கருவி துள்ளியது. அதே வசவுக்கு ஆங்கிலத்தில் அந்தத் துள்ளல் இல்லை.

இதற்கு மூன்று ஆண்டு முன்பு, ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் உளவியலாளர்கள் வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் வேறொன்றைக் கண்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழியில் வாழ்ந்த நாட்களின் நினைவுகள் அதிகம் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கில நாட்களின் நினைவுகள். ஒரு நினைவு எந்த மொழியில் பதிந்ததோ, அந்த மொழியில் தட்டினால் சுலபமாகத் திறக்கிறது.

போரிலிருந்து தப்பி டொரன்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்த ஓர் ஈழத்தமிழரை இப்போது சிகிச்சை அறையில் வைத்துப் பாருங்கள். செல்லடியில், அதாவது பீரங்கிக் குண்டுவீச்சில், பக்கத்து வீட்டார் இறந்ததைத் தெளிவான ஆங்கிலத்தில், குரல் பிசகாமல் சொல்லி முடிக்கிறார். சிகிச்சையாளர் ‘இது ஆறிவிட்டது’ என்று குறித்துக்கொள்கிறார். ஆறவில்லை, இரண்டாம் மொழி அதைப் போர்த்தியிருக்கிறது. அகதிகளுக்கான மனநலச் சிகிச்சையில் எளிதில் நடந்துவிடும் பிழை இது.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பிழை, ‘தாய்மொழியில் பேசினால்தான் ஆழம்’ என்று தமிழுக்குத் தள்ளுவது. தாய்மொழி எல்லோருக்கும் மடி அல்ல. முகத்தை மூடிக்கொண்டு ராணுவத்திடம் ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி தமிழ்தான் பேசினான். வீட்டுக்குள்ளேயே அடி வாங்கியவருக்கு அடித்தவரின் மொழியும் தமிழே. அவருக்கு ஆங்கிலம் ஒளிந்துகொள்ளும் திரை மட்டும் இல்லை, அவர் கட்டிய வீடும்கூட.

அதனால் கதையைக் கேட்பதற்கு முன் மொழிகளின் வரைபடம் ஒன்று தேவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களைக் கண்டறிவதற்கான கையேட்டில் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. அதில் எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுவது, ‘இந்தப் பிரச்சினையை உங்கள் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்ற பொருளில் வருவது. டாக்டரிடம் ‘டிப்ரஷன்’ என்றவர் அம்மாவிடம் ‘நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது’ என்பார். இத்துடன் எளிய சில கேள்விகளையும் சேர்க்கலாம். கனவு எந்த மொழியில் வருகிறது? கோபத்தில் எது வாயில் வருகிறது? சாமி கும்பிடுவது எதில்? தம்பியிடம் எது, அப்பாவிடம் எது? பொதுவாக முதல் இரண்டு மூன்று அமர்வுகள் இதற்கும், பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சிகளுக்கும் போகும். அவசரப்பட்டு முதல் நாளே சம்பவத்துக்குள் இறங்கினால் அடுத்த வாரம் ஆள் வராமல் போகலாம்.

சம்பவத்தைத் தொடும்போது மொழியை அடுப்புத் திருகு போலப் பயன்படுத்தலாம். பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை அவரே மதிப்பெண் சொல்லட்டும். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது 1, 2 என்றே கிடந்தால், ‘அந்த இடத்தை வீட்டில் என்ன சொல்வீர்கள்?’ என்று ஒரே ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். ‘பங்கர்’ என்பார், குண்டுவீச்சுக்கு ஒளிந்த பதுங்குகுழி. அந்த ஒரு சொல்லில் மண்வாசம், இருட்டு, அம்மாவின் கை எல்லாம் வந்துவிடலாம். மதிப்பெண் 8ஐத் தாண்டி மூச்சு இறுகினால், அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லச் சொல்வது. பாதங்களைத் தரையில் அழுத்தி, இன்றைய தேதியையும் தெருவின் பெயரையும் இன்றைய ஊரின் மொழியிலேயே சொல்லச் சொல்வது. கண் நிலைகுத்தி, கேட்பதற்குப் பதில் வராமல் போனால் அது அமைதி அல்ல, மனம் இடத்தை விட்டு விலகிவிட்டது. அங்கே கதையை நிறுத்த வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மூவரும் முக்கோணமாக உட்கார்ந்து, ‘அவர் பயந்தாராம்’ என்றில்லாமல் ‘நான் பயந்தேன்’ என்றே பெயர்க்க வேண்டும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது கூடவே கூடாது. தாய் சொல்லத் தயங்கியதை மகள் தன் வாயால் சொல்ல நேரும். தமிழ் தெரிந்தால் போதும் என்பதும் தவறு. ‘கிபிர் வந்தது’ என்றால் யாழ்ப்பாணத்தாருக்குக் குடல் நடுங்கும். 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த இஸ்ரேலிய போர்விமானத்தின் பெயர் அது. சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்டு விழிக்கக்கூடும். ஈழத்தில் ஆயுதப் போராட்ட அமைப்பைக் குறிக்கும் ‘இயக்கம்’ என்பதை வெறும் அசைவு என்று பெயர்த்தால் கதையே கவிழும். அதே சமயம், ஊர்க்காரரே மொழிபெயர்ப்பாளராக வந்தால் செய்தி வெளியே போய்விடும் என்ற பயம் உண்டு. வேறு நகரத்திலிருந்து, பெயர் சொல்லாமல், தொலைபேசியில் பெயர்ப்பவர் சிலருக்கு உதவுவார்.

வினாத்தாள்களும் சறுக்கும். உணர்ச்சியற்றுப் போவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘மரத்துப்போதல்’ என்று போட்டால், கால் மரத்துப்போகிறதா என்று கேட்பதாக நினைத்து ‘ஆமாம்’ என்பார்கள். கம்போடிய அகதிகளிடம் மனநல மருத்துவர் டெவன் ஹின்டன் கண்டது இன்னும் கூர்மையானது. உடலுக்குள் காற்று மேலேறிக் கழுத்து ரத்தக்குழாயை வெடிக்கச் செய்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். வழக்கமான வினாத்தாளில் கழுத்துக்கு இடமே இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவியிடம் ‘இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பதும் இப்படித்தான் சறுக்கும். திதி கொடுத்தால் அவரே கணவரைச் சாகடித்தது போலாகும், பொட்டை அழித்தாலும் அப்படியே. நிச்சயமில்லாத இழப்பு என்று அமெரிக்க குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ் இதற்குப் பெயரிட்டார். இங்கே சிகிச்சை முடிவு தேடுவதில்லை. ‘இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்’ என்ற இரண்டையும் ஒரே மனம் தாங்கப் பழக்குகிறது.

போர் அகதிகளுக்கென உருவான ஒரு முறையில் வாழ்க்கையை ஒரு கயிறாகத் தரையில் விரித்து, நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைப்பார்கள். பிறகு சுமார் 90 நிமிட அமர்வுகளில் கல் கல்லாகச் சொல்ல, சிகிச்சையாளர் எழுதுவார். அடுத்த முறை அதை வாசித்துக்காட்டித் திருத்துவார். கடைசியில் அந்தப் பிரதி சொன்னவரிடமே சேரும். அது எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதை முதல் கல்லுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. தமிழில் அழத் தெரிந்து, தமிழ் எழுத்தைக் கூட்டத் தெரியாத தலைமுறை இது. அவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுக்கலாம், அல்லது குரலில் பதிந்து கொடுக்கலாம்.