"முழுவதையும் எடுத்துவிடுங்கள் டாக்டர்"

மார்பகத்தில் சிறு கட்டியோடு வரும் பெண்களில் பலர், பயாப்ஸி முடிவைக் கேட்டதும் சொல்வது இதைத்தான். "கொஞ்சமும் மிச்சம் வைக்காதீர்கள்" என்று உடன் வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அண்மையில் வந்த ஓர் அம்மாவுக்குக் கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்தான். அக்குளில் நெறி கட்டவில்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றேன். அவருடைய கணவரின் முகம் வாடிவிட்டது. அரைகுறையாக வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று பயந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் துறையே பல பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பியது. அமெரிக்காவின் பால்டிமோரில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் விவரித்த முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் (நெறி கட்டும் இடங்கள்) எல்லாவற்றையும் ஒருசேர அகற்றுவார்கள். புற்றுநோய் ஓரிடத்தில் வேர்விட்டுப் படிப்படியாகத்தான் பரவும், ஆகவே அகலமாக வெட்டினால் வேரோடு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. பிழைத்த பெண்ணுக்கு விலா எலும்புகள் தோலுக்கடியில் வரிவரியாகத் தெரியும். கை வீங்கிப்போய்ச் சட்டைக் கைக்குள் நுழையாது. கட்டி புற்றுநோய்தானா என்று தெரியாமலே மயக்க மருந்தை ஏற்று, கண் விழித்த பிறகே மார்பகம் போய்விட்டதை அறிந்த பெண்களும் உண்டு.

இந்தக் கணக்கை உடைத்தவரும் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர்தான். 1918-இல் பிட்ஸ்பர்கில் பிறந்த பெர்னார்ட் ஃபிஷர், நோய்க்குறியியல் நிபுணரான (திசுக்களைச் சோதித்து நோயை அறிபவர்) தம்பி எட்வினோடு சேர்ந்து விலங்குகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நிணநீர்க் கணு புற்றணுக்களைத் தடுத்து நிறுத்தும் மதில் அல்ல என்றும், அவை இரத்தத்துக்கும் நிணநீருக்கும் மாறி மாறிப் போகக்கூடியவை என்றும் கண்டார்கள். அப்படியானால் நாங்கள் கத்தியை எடுப்பதற்கு முன்பே சில அணுக்கள் உடலுக்குள் போயிருக்கலாம். பிறகு நெஞ்சை எவ்வளவு வெட்டினால் என்ன?

ஆய்வுக்கூடத்து எண்ணத்தோடு அவர் நிற்கவில்லை. என்எஸ்ஏபிபி என்ற மார்பகப் புற்றுநோய்க் கூட்டு ஆய்வுக் குழுவின் தலைமையை 1967-இல் ஏற்று, எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் ஆய்வுகளை நடத்தினார். 1971-இல் தொடங்கிய ஆய்வில் ஹால்ஸ்டெட் முறையையும் அதைவிடச் சிறிய அறுவைகளையும் ஒப்பிட்டார்கள். 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. 1976-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் துணிச்சலானது: முழு மார்பகத்தையும் நீக்குவதா, கட்டியை மட்டும் எடுப்பதா, எடுத்தபின் கதிர்வீச்சும் கொடுப்பதா? 1,851 பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவும் அதையே சொன்னது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி தனியாக நடத்திய ஆய்வும் அதே ஆண்டு இதற்கு ஒத்துப்போனது.

இடையில் ஃபிஷர் பெரிய அவமானத்தைச் சந்தித்தார். கனடாவின் மான்ட்ரியாலில் ஆய்வில் பங்கேற்ற ஒரு மருத்துவர் சில நோயாளிகளின் விவரங்களைப் பொய்யாக மாற்றியது வெளிவந்தபோது, 1994-இல் குழுத் தலைமையிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அந்த விவரங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார்கள்; முடிவு மாறவில்லை. 1997-இல் அவரிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது. 2019-இல், 101 வயதில் மறைந்தார்.

அறுவைக்குப் பின் மருந்து கொடுக்கும் இன்றைய வழக்கத்திலும் அவருடைய பங்கு பெரியது. ஆனால் நோயாளிகள் முக்கியமாக அறிய வேண்டியது வேறு ஓர் எண். அந்த 20 ஆண்டு ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14 சதவீதம். "கட்டிதான் போய்விட்டதே" என்று கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

கட்டியை மட்டும் எடுப்பது அரைகுறை வேலையும் அல்ல. எடுத்த திசுவின் மேற்பக்கத்தில் குட்டையாக ஒரு நூலும், வெளிப்பக்கத்தில் நீளமாக ஒரு நூலும் போட்டு அனுப்புவேன், திசை தெரிய வேண்டும் என்பதற்காக. நோய்க்குறியியல் நிபுணர் அதன் ஓரமெங்கும் மை பூசி, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்ப்பார். மை பட்ட விளிம்பில் புற்றணு தெரிந்தால் மறுபடியும் அறுவைதான். எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது. மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் கட்டிகள் இருந்தாலோ, மார்பில் ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, பெரும்பாலும் முழு நீக்கமே வழி. எல்லாவற்றையும் அறிந்த பிறகும் முழு நீக்கமே வேண்டும் என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அது அவருடைய உரிமை. அறியாமல், பயத்தில் இழப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "குலுக்கலுக்குச் சம்மதித்தார்களே, அந்தப் பெண்களுக்கு எது நல்லது என்று அப்போது தெரியாதுதானே?" என்றார்.

"எங்களுக்கே தெரியாது, அம்மா."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கதிர்வீச்சுக்கு எத்தனை நாள் வரவேண்டியிருக்கும் என்று கேட்டார்.