தொண்டைக்குக் கரண்ட் வைத்த பிறகு

ரங்கூன் காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தால், பெரியப்பா முதலில் கேட்பது கூடுதல் குழம்பு. நூடுல்ஸ் மிதக்க வேண்டும். மேலே போடும் பருப்புப் பொரியல் துண்டுகள் என் கிண்ணத்துக்கு வந்துவிடும். தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்து ஆறு வருடம் ஆகிறது. புற்று திரும்பவில்லை. எச்சிலும் திரும்பவில்லை.

கரண்ட் என்று பேச்சில் சொன்னாலும் உடம்புக்குள் போவது மின்சாரமல்ல, ஆற்றல் மிகுந்த எக்ஸ்ரே கதிர். அதன் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 7 வாரம்; மொத்தம் 70 கிரே. கதிர் செல்லின் டிஎன்ஏவை அறுக்கிறது. அறுபட்ட செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை. இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி புரியும்.

வாயின் உள்தோல் வேகமாகப் பிரிவது. அதனால் சிகிச்சையின்போதே புண்ணாகி, முடிந்த சில வாரங்களில் ஆறியும் விடும். ரத்தக் குழாய்ச் சுவர், எலும்பு, நார்த்திசு எல்லாம் நிதானமானவை. அவற்றின் சேதம் மாதங்கள், வருடங்கள் கழித்தே தலைகாட்டும். நுண்ணிய குழாய்கள் அடைபடும். நார்த்திசுச் செல்கள் நிறுத்தத் தெரியாமல் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். பெரியப்பாவின் கழுத்தைத் தொட்டிருக்கிறேன், இடது தாடைக்குக் கீழே பலகை மாதிரி. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார்.

எச்சில் மட்டும் இந்த விதிக்கு அடங்குவதில்லை. காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் சுரப்பியின் செல்கள் மெதுவாகப் பிரிபவைதான். இருந்தும் முதல் வாரத்திலேயே சுரப்பு குறைகிறது. சுரப்பிக்குப் போவது சராசரி 26 கிரேக்குள் நின்றால் ஓரளவு மீளும். கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றும் ஐஎம்ஆர்டி முறை இதற்குத்தான் உதவுகிறது. 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், ஒரு வருடம் கழித்தும் வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், இதில் 38.

எச்சில் போனால் அடுத்து பல். அமிலத்தைக் கழுவ ஆளில்லை. கதிர் பட்ட தாடையில் ரத்த ஓட்டமும் குறைவு. பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால்தான் கெட்ட பல்லை முன்கூட்டியே எடுத்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிடுவார்கள். குன்யா என்னும் பர்மிய வெற்றிலைப் பாக்கை மென்றே பழகிய ஊரில் நல்ல பல் எத்தனை பேருக்கு இருக்கிறது! பெரியப்பாவுக்கு ஏழு போனது. பத்து வருடம் கழித்துப் பல் டாக்டரிடம் போனாலும் கரண்ட் வைத்ததைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் தைராய்டு. அவர் மதியமெல்லாம் தூங்கியதை வயசு என்றே நினைத்தோம். தைராய்டு சுரப்பு குறைந்ததைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை வேறு சொன்னது. கழுத்தில் கதிர் பட்டவர்கள் ஆறு மாதம், இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறையாவது அதைப் பார்த்துவிடுவது நல்லது.

விழுங்கும் தசை, வேலை கொடுக்காவிட்டால் இறுகிவிடும். உணர்வு மரத்த தொண்டையில் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது, நிமோனியாதான் வரும். எனவே தினமும் காலையில் பயிற்சி: பலம் கொடுத்து விழுங்குவது, வாயை முடிந்தவரை திறந்து பத்து எண்ணும்வரை வைத்திருப்பது. திறந்த வாயால் எண்ண முடியாதே, அந்த வேலை பேத்திக்கு. தித், நித், தோன் என்று பர்மியத்தில் எண்ணுகிறாள், வேண்டுமென்றே மெதுவாக.